கிரியா ஊக்கியும் இரசாயனச் சமநிலையும்



இரசாயனம் பயிலும் மாணவர்கள் பலரையும் தடுமாற வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு வினையில் கிரியா ஊக்கியைச் சேர்த்தால், கடைசியில் கிடைக்கும் பொருளின் அளவு கூடுமா, கூடாதா? கூடும் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். கூடாது என்று எழுதிவிட்டு, அப்படியானால் தொழிற்சாலைக்காரர்கள் இத்தனை செலவு செய்து ஊக்கியை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், விடை சொல்ல முடியாமல் விழிப்பவர்கள் நம்மில் பலர். இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தேடுவதுதான் இன்றைய உரையின் நோக்கம்.

இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் அறிவியல் பயிலும் நம் பிள்ளைகள் கிரியா ஊக்கியை ‘மங்கின்’ என்றும், சமநிலையை ‘கெசெய்ம்பாங்கான்’ என்றும் அறிந்திருப்பார்கள். தோட்டத்துப் பெரியவர்களின் காதில் மங்கின் என்ற சொல் விழுந்தால், பால்மரத்தில் கட்டிய மங்குதான் நினைவுக்கு வரும். அந்த மங்கையும் இந்த மங்கினையும் சேர்த்துவைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் அமோனியா.

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிபத்துக்காக எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று எங்கும் ரப்பர் பரவியது. மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். வெட்டிய பால் ஆலைக்குப் போய்ச் சேருமுன் உறைந்துவிடாமல் இருக்க, அதில் அமோனியா கலப்பார்கள். பால் சேகரிக்கும் இடத்தில் மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வரவழைத்த அந்த வாடையை அங்கே வேலை செய்தவர்கள் மறந்திருக்க முடியாது. இன்று ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. அமோனியா மட்டும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. செம்பனைக்கு இடும் யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் அமோனியாவிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, ஊக்கிக்கும் சமநிலைக்கும் உள்ள உறவை அறிய அமோனியாவின் கதையே நமக்கு வழிகாட்டட்டும்.

அமோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடினால் இரண்டு பங்கு அமோனியா உண்டாகும். நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிறது. அப்படிச் சேரும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

இந்த வினை ஒரே திசையில் ஓடுவதன்று. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆகின்ற அதே வேளையில், உண்டான அமோனியா உடைந்து மறுபடி நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. இத்தகைய வினையை மீள்வினை என்கிறோம். தொடக்கத்தில் சேர்வது விரைவாகவும் பிரிவது மெதுவாகவும் நடக்கும். அமோனியா பெருகப் பெருகப் பிரிவதன் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் இரண்டு வேகங்களும் சமமாகிவிடும். அதன்பின் அமோனியாவின் அளவு கூடாது, குறையாது. இதைத்தான் இரசாயனச் சமநிலை என்கிறோம்.

சமநிலை என்றதும் எல்லாம் ஓய்ந்து நின்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இதற்கு நம் ஊரிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில் புலாவ் செபாங். அதை ஒட்டினாற்போல நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பின். இரண்டு ஊர்களும் அவ்வளவு நெருக்கமாதலால், இரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில்கூட இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஓர் ஆண்டில் புலாவ் செபாங்கிலிருந்து ஐம்பது குடும்பங்கள் தம்பினுக்குக் குடிபெயர்கின்றன என்றும், தம்பினிலிருந்து ஐம்பது குடும்பங்கள் புலாவ் செபாங்குக்கு வருகின்றன என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் இரண்டு ஊர்களிலும் குடும்பங்களின் தொகை மாறுவதில்லை. இரசாயனச் சமநிலையும் இப்படித்தான்.

இப்போது ஊக்கி எங்கே வருகிறது? இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு குன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குன்றின் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஏறத் தெம்புள்ள சிலரே போவார்கள். குன்றைக் குடைந்து ஒரு பாதை போட்டால் என்ன ஆகும்? போகிறவர்களுக்கும் எளிது, வருகிறவர்களுக்கும் எளிது. எந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் தங்கும் என்பதை அந்தந்த ஊரின் வேலை வாய்ப்பும் வீட்டு வாடகையும் முடிவு செய்கின்றன. பாதை அதை முடிவு செய்வதில்லை. பாதை வந்ததால் அந்த நிலை பத்து ஆண்டுகளில் ஏற்படுவதற்குப் பதிலாக ஓர் ஆண்டிலேயே ஏற்பட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

கிரியா ஊக்கி என்பது இந்தக் குடைபாதை. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்திருக்கின்றன. அவற்றைப் பிரிப்பதுதான் ஏற வேண்டிய குன்று. சூடான இரும்பின் பரப்பில் நைட்ரஜன் வந்து ஒட்டும்போது அந்தப் பிணைப்பு தளர்ந்து, அணுக்கள் தனித்தனியே இரும்பில் தங்குகின்றன. அங்கேயே ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, அமோனியாவாகி வெளியேறுகின்றன. இரும்பு செலவாகாமல் அடுத்த மூலக்கூறுக்குக் காத்திருக்கிறது. இந்தப் பரப்பில் படிப்படியாக நடப்பதை விளக்கிக் காட்டிய ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்டல் 2007ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

பாதை இரண்டு திசைக்கும் பொது என்று சொன்னேன். இதற்கு வரலாற்றிலேயே அழகான சான்று இருக்கிறது. 1813ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி தேனார், பழுக்கக் காய்ச்சிய இரும்பு முதலான உலோகங்களின் மேல் அமோனியாவைச் செலுத்தினால் அது உடைந்து நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிவதைக் கண்டார். அதாவது, இரும்பு அமோனியாவைப் பிரிக்கும் ஊக்கி. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1913இல், ஜெர்மனியின் ஓப்பாவ் என்னும் இடத்தில் உலகின் முதல் அமோனியாத் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. அங்கே நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அமோனியாவாக்கிய ஊக்கி எது? அதே இரும்பு! பிரிப்பதும் இரும்பு, சேர்ப்பதும் இரும்பு. எந்தத் திசையில் வினை மிகுதியாக ஓடும் என்பதை வெப்பமும் அழுத்தமும் வாயுக்களின் அளவும் முடிவு செய்தன. இரும்பு முடிவு செய்யவில்லை.

ஊக்கி ஒரு திசையை மட்டும் விரைவுபடுத்தினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி ஒரு விசித்திர ஊக்கி இருப்பதாகவே வைத்துக்கொண்டு, என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒரு கலன், அதில் ஏறி இறங்கக்கூடிய ஒரு தண்டு, உள்ளே சமநிலையில் இருக்கும் நைட்ரஜன், ஹைட்ரஜன், அமோனியாக் கலவை. ஊக்கியை உள்ளே இறக்குகிறோம். அது அமோனியாவை மேலும் பெருக்குகிறது. நான்கு பங்கு இரண்டு பங்காகச் சுருங்குமல்லவா? எனவே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தமாதலால் தண்டைச் சிறிது முயற்சியிலேயே உள்ளே தள்ளிவிடலாம். இப்போது ஊக்கியை வெளியே எடுக்கிறோம். கலவை நாளடைவில் பழைய சமநிலைக்குத் திரும்புகிறது, அழுத்தம் ஏறுகிறது, தண்டு பலமாக வெளியே தள்ளப்படுகிறது. உள்ளே தள்ளக் கொடுத்த உழைப்பு கொஞ்சம். வெளியே வரும்போது கிடைத்த உழைப்பு அதிகம். இந்தத் தண்டை ஒரு தண்ணீர்ப் பம்பில் கட்டிவிட்டால், டீசலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஊக்கியை இறக்கி இறக்கி எடுத்தே தோட்டம் முழுவதற்கும் காலமெல்லாம் தண்ணீர் இறைக்கலாம்!

அப்படிப்பட்ட பம்பு எங்கும் இல்லை; இருக்கவும் முடியாது. செலவில்லாமல் ஓயாது உழைக்கும் இயந்திரம் இயற்கையின் விதிகளுக்கு முரணானது. ஆகவே, சமநிலையைப் பெயர்க்கும் ஊக்கி இல்லை என்பது ஆசிரியர் சொன்னதால் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியமன்று. நாமே யோசித்து அடையக்கூடிய முடிவு.

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஊக்கியால் சமநிலை மாறாது என்றால், அமோனியாத் தொழில் ஏன் ஊக்கிக்காகத் தவம் கிடந்தது?

1904ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிரிட்ஸ் ஹாபர் என்ற விஞ்ஞானி, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சுமார் 1,000 பாகை சென்டிகிரேடு சூட்டில், சாதாரண அழுத்தத்தில், இரும்பின் மேல் செலுத்திப் பார்த்தார். கிடைத்த அமோனியா 0.005 விழுக்காட்டுக்கும் 0.012 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டது. பத்தாயிரம் பங்கு வாயுவில் ஏறத்தாழ ஒரு பங்கு! மற்றொரு பெரும் விஞ்ஞானியான நெர்ன்ஸ்ட், ஹாபரின் அளவு கூடுதலாக இருக்கிறது என்று 1907இல் வாதாடினார். கவனியுங்கள். இருவரும் எந்த ஊக்கி சிறந்தது என்று வாதாடவில்லை. சமநிலையில் அமோனியா எவ்வளவு என்ற எண்ணைப் பற்றியே வாதாடினார்கள். ஏனென்றால், அந்த எண்தான் எல்லை. எந்த ஊக்கியைக் கொண்டுவந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அப்படியானால் எல்லையையே உயர்த்த வழி உண்டா? உண்டு. பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாத்தெலியே 1884ஆம் ஆண்டிலேயே அதற்கான விதியைக் கூறியிருந்தார். சமநிலையில் இருக்கும் ஒன்றை நாம் ஒரு பக்கம் நெருக்கினால், அந்த நெருக்கத்தைத் தணிக்கும் பக்கமாகச் சமநிலை நகரும். அமோனியா உண்டாகும்போது வாயு சுருங்குகிறது. ஆகவே அழுத்தத்தைக் கூட்டினால் அமோனியா கூடும். அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே சூட்டைக் குறைத்தாலும் அமோனியா கூடும். முன்னே நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு செய்திகள் இங்கேதான் உதவுகின்றன.

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். 500 பாகைச் சூட்டில், சாதாரணக் காற்றழுத்தத்தில், சமநிலையில் உள்ள அமோனியா ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அதே சூட்டில் அழுத்தத்தை 200 மடங்காக்கினால் சுமார் 18 விழுக்காடு. அதே 200 மடங்கு அழுத்தத்தில் சூட்டை 400 பாகையாகக் குறைத்தால் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 200 பாகைக்கே கொண்டுவந்தால் 85 விழுக்காட்டுக்கும் மேல்!

பிறகென்ன, 200 பாகையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சூடு குறையக் குறைய வினையின் வேகம் குறைந்துகொண்டே போகிறது. சமநிலை நமக்குச் சாதகமாக இருக்கும் இடத்தில் வினை நகர மறுக்கிறது. வினை நன்றாக ஓடும் சூட்டிலோ சமநிலை நமக்குப் பாதகமாக இருக்கிறது. எல்லை கைக்கெட்டாத உயரத்தில். இல்லையென்றால், எல்லை காலடியில். இந்த இக்கட்டிலிருந்து விடுவித்தது ஊக்கி. ஊக்கி எல்லையை உயர்த்தவில்லை. எல்லை உயரமாக இருக்கும் குறைந்த சூட்டிலும் வினையை ஓட வைத்தது. தொழிற்சாலைக்கு ஊக்கி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் விடை.

இதைச் செய்து காட்டியது எளிதான காரியமன்று. லெ ஷாத்தெலியேவே 1901இல் உயர்ந்த அழுத்தத்தில் முயன்று, கருவி வெடித்ததால் கைவிட்டுவிட்டார். ஹாபருக்கு அழுத்தக் கருவியை அமைத்துக் கொடுத்தவர் ராபர்ட் லெ ராசிக்னால் என்னும் இளைஞர். 1909 ஜூலை 2ஆம் நாள், பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்திலிருந்து வந்த அல்வின் மிட்டாஷ் கண்ணெதிரே, ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தை ஊக்கியாகக் கொண்டு, திரவ அமோனியா துளித் துளியாகச் சொட்டியது. ஆனால் ஆஸ்மியம் உலகில் மிகச் சொற்பம். மலிவான ஊக்கி ஒன்றைக் கண்டுபிடிக்க மிட்டாஷும் அவருடைய உதவியாளர்களும் ஆயிரக்கணக்கான சோதனைகளை நடத்தினார்கள். முடிவில், சுவீடன் நாட்டிலிருந்து வந்த ஓர் இரும்புத் தாது எதிர்பாராத வகையில் நன்றாக வேலை செய்வதைக் கண்டார்கள். அதில் கலந்திருந்த சிறு சிறு கலப்புப் பொருள்களே காரணம் என்று உணர்ந்து, இரும்போடு அலுமினிய ஆக்சைடும் பொட்டாசியமும் சேர்ந்த கலவையை உருவாக்கினார்கள். இன்றும் உலகின் அமோனியா ஆலைகளில் பெரும்பாலானவை இரும்பையே அடிப்படையாகக் கொண்ட ஊக்கியைத்தான் பயன்படுத்துகின்றன. உயர் அழுத்தத்தைத் தாங்கும் பெரும் கலன்களை அமைத்துத் தந்தவர் கார்ல் போஷ். ஹாபருக்கு 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசும், போஷுக்கு 1931ஆம் ஆண்டின் பரிசும் கிடைத்தன.

அந்த அமோனியா பயிரை வளர்த்ததோடு நிற்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்தும் ஆயிற்று. வயலுக்குப் போவதா, போர்க்களத்துக்குப் போவதா என்பதை எந்த ஊக்கியும் முடிவு செய்வதில்லை. மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஊக்கி கிடைத்த பிறகும், ஒரு முறை கலனுக்குள் போய்வரும் வாயுவில் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடுதான் அமோனியாவாகிறது. மீதியைத் தொழிற்சாலை வீணாக்குவதில்லை. வெளிவரும் கலவையைக் குளிர வைத்தால் அமோனியா மட்டும் திரவமாகிப் பிரிந்துவிடும். எஞ்சிய நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மறுபடி ஊக்கியின் மேல் செலுத்தப்படும். அமோனியாவை அவ்வப்போது எடுத்துவிடுவதால், வினை சமநிலையை எட்டிப்பிடிக்க மீண்டும் மீண்டும் அமோனியாவை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆக, விரைவைத் தருவது ஊக்கி. அளவைத் தருவது அழுத்தமும், சூட்டின் கட்டுப்பாடும், விளைந்த பொருளை அகற்றுவதும். நம் நாட்டில் சரவாக்கின் பிந்துலுவில் 1985 முதலும், பின்னர் கெடாவின் குருணிலும், இயற்கை எரிவாயுவைக் கொண்டு அமோனியாவும் யூரியாவும் செய்யும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் உள்ளே நடப்பதும் இதே கணக்குத்தான்.

அமோனியாவுக்கு மட்டும் உரிய விதி இது என்று எண்ண வேண்டாம். நம் செம்பனைக்கு வாருங்கள். 2011ஆம் ஆண்டில் டீசலோடு ஐந்து விழுக்காடு பாமாயில் டீசலைக் கலந்து விற்கும் திட்டம் முதலில் தொடங்கிய பகுதிகளில் மலாக்காவும் ஒன்று. பாமாயிலை டீசலாக மாற்ற அதை மெத்தனாலோடு சேர்க்கிறார்கள். ஒரு மூலக்கூறு எண்ணெய்க்கு மூன்று மூலக்கூறு மெத்தனால் போதும். டீசலுக்கு உதவும் பொருள் ஒருபுறமும் கிளிசரின் மறுபுறமுமாகக் கிடைக்கும். இதுவும் மீள்வினையே. இதற்கு ஊக்கியாகச் சோடியம் மெத்தாக்சைடு போன்ற காரப் பொருளைச் சேர்ப்பார்கள். ஊக்கி இல்லாவிட்டால் வினை நத்தைபோல் நகரும். ஊக்கியைச் சேர்த்தால் ஒரு மணி நேர அளவில் சமநிலையை நெருங்கிவிடும். ஆனால் சமநிலையில் எண்ணெய் கொஞ்சம் மாறாமலே நின்றுவிடுமே, என்ன செய்வது? ஊக்கியை இன்னும் அள்ளிக் கொட்டிப் பயனில்லை. ஆலைக்காரர்கள் மூன்றுக்குப் பதிலாக ஆறு பங்கு மெத்தனால் சேர்க்கிறார்கள். அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்தெடுத்துவிட்டு வினையை மறுபடி நடத்துகிறார்கள். அப்போதுதான் எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் மாறுகிறது.

நம் உடலுக்குள்ளும் இதே விதி ஆட்சி செய்கிறது. தசைகளில் உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தில் கலந்து பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறுகிறது. நுரையீரலுக்கு வந்ததும் மறுபடி கரியமில வாயுவாக மாறி மூச்சில் வெளியேறுகிறது. போகும்போது ஒரு மாற்றம், வரும்போது அதற்கு நேர் எதிர் மாற்றம். சிவப்பணுக்களில் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற ஒரே நொதிதான் இரண்டையும் விரைவுபடுத்துகிறது. தசையில் கரியமில வாயு மிகுந்திருப்பதால் வினை ஒரு பக்கம் ஓடுகிறது. நுரையீரலில் அது குறைந்திருப்பதால் மறுபக்கம் ஓடுகிறது. அந்த நொதி ஒரு திசைக்கு மட்டும் துணை நின்றிருந்தால் நாம் மூச்சுவிடுவதே பெரும்பாடாகியிருக்கும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. ஒரே மூலப்பொருளிலிருந்து பல பொருள்கள் உண்டாகக்கூடிய வினைகளில், எந்தப் பொருள் மிகுதியாகக் கிடைக்கும் என்பது ஊக்கியைப் பொறுத்து மாறக்கூடும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிக்கலின் மேல் பட்டால் மீத்தேன் வாயு கிடைக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த ஊக்கியின் மேல் பட்டால் மெத்தனால் கிடைக்கும். இதைப் பார்த்து, ஊக்கி சமநிலையை மாற்றிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. பல குன்றுகளுள் ஒரு குன்றில் மட்டும் பாதை வெட்டியதால், எல்லாரும் அந்த வழியே போய்விட்டார்கள். மற்ற வழிகளிலும் சமநிலை ஏற்படும்வரை தொழிற்சாலை காத்திருப்பதில்லை.

இந்தப் பாடம் தேர்வு அறையோடு முடிவதில்லை, நேயர்களே. விரைவு வேறு, எல்லை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. செம்பனையின் வெறுங்குலைகளை விரைவில் மக்க வைக்கும் பொடி என்று ஒருவர் விற்க வந்தால், அது உண்மையாக இருக்கலாம். நுண்ணுயிர்கள் பெருகினால் எரு சில வாரம் முன்னதாகவே தயாராகும். ஆனால் இந்தப் பொடி எருவின் சத்தையும் இரட்டிப்பாக்கும் என்று அவரே சொன்னால், கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெறுங்குலையில் இல்லாத பொட்டாசியம் ஒரு பிடிப் பொடியால் எங்கிருந்து வரும்? இது சமநிலைக் கணக்கன்று. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. ‘நீங்கள் விற்பது விரைவையா, அளவையா?’ முன்னதற்கு விலை கொடுக்கலாம். பின்னதற்குக் காசை எடுக்குமுன் கணக்கைக் கேளுங்கள்.

விடைபெறுமுன், மாணவர்களுக்கு ஒரு கேள்வி. மூடிய கலன் ஒன்றில், 500 பாகைச் சூட்டில், 200 மடங்கு அழுத்தத்தில், நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரும்பு ஊக்கியோடு சமநிலையில் இருக்கின்றன. அமோனியா 18 விழுக்காடு. ஊக்கியை இரு மடங்காக்கினால் அமோனியா 36 விழுக்காடு ஆகுமா? ஆகாது, அதே 18தான். கலன் புதிதாக நிரப்பப்பட்டிருந்தால் அந்த 18 விழுக்காட்டை இன்னும் சீக்கிரம் எட்டியிருக்கும். 36 விழுக்காட்டுக்கு மேல் வேண்டுமென்றால் சூட்டை 400 பாகைக்குக் குறையுங்கள். குறைந்த சூட்டிலும் வினை ஓடுவதற்கு நல்ல ஊக்கி ஒன்றை வையுங்கள். ஊக்கிக்கும் சமநிலைக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த ஒரு விடைக்குள் அடங்கிவிடுகிறது. இதை உங்கள் சொந்த வார்த்தைகளில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். அவருக்கு விளங்கிவிட்டால், உங்களுக்கும் விளங்கிவிட்டது என்று பொருள்.